சோதனைக்குப் போட்ட கல்யாணம்

உட்காருங்கள் அண்ணாச்சி. அந்த அண்டாவின் மேல் வேண்டாம், நசுங்கிவிடும். உங்களைக் குறை சொல்லவில்லை, இப்போது வருகிற தகடு அப்படி. இந்தப் பெஞ்சில் உட்காருங்கள். முதலாளி பாலவநத்தம் வரை போயிருக்கிறார். வர ஒரு மணி நேரமாவது ஆகும். மருமகளும் கூடத்தான் போயிருக்கிறது.

சாத்தூரில் உங்களுக்கும் பாத்திர வாடகைக் கடையா? நல்லது. நாங்கள் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிற சாப்ட்வேரைப் பார்த்துவிட்டு, சரிப்பட்டால் நாமும் போடலாம் என்று வந்திருக்கிறீர்கள். முதலாளி வந்தால் காட்டுவார். பச்சையும் சிவப்புமாகக் கட்டம் கட்டமாக வரும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது இங்கே எப்படி நுழைந்தது, நுழைந்த முப்பது நாளில் என்ன கூத்து நடந்தது என்பதை அவர் சொல்ல மாட்டார். நான் சொல்கிறேன்.

என் பேர் கொண்டல்சாமி. இந்தக் குடோனை இருபத்தேழு வருஷமாக நான்தான் பார்க்கிறேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. முழு மூன்றுகூட இல்லை. வாத்தியார் தலையில் குட்டினார், நான் வெளியே வந்துவிட்டேன். அவர் பேர் செபாஸ்டியன். வெள்ளைச் சட்டை, இடது கையில் மோதிரம். அந்த மோதிரக் கையால்தான் குட்டினார். நான் அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

போன வைகாசியில் ஆரம்பித்தது இது. ஒரே முகூர்த்தத்துக்கு ஒரே ஜமுக்காளங்களை இரண்டு வீட்டுக்கு ஒத்துக்கொண்டார் முதலாளி. டைரியில் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. சாம்பார் பட்டு ஒட்டிக்கொண்டது. ஒரு வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா வெறும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து வேட்டியை அழுக்காக்கிக்கொண்டார். கடைக்கே வந்து வேட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அன்றைக்குத்தான் மருமகள், சுபாஷினி என்று பேர், கோயமுத்தூரில் படித்த பிள்ளை, மாமனாரிடம் சொன்னது: "மாமா, இந்த டைரியத் தூக்கிப் போடுங்க. நான் ஒரு சாப்ட்வேர் போட்டுத் தாரேன்."

ஆடி பிறந்ததும் ஆள் வந்துவிட்டார். ஆடிதானே, கல்யாணம் காட்சி ஒன்றும் இருக்காது, கோயிலுக்குக் கூழ் ஊற்ற அண்டா கேட்டு வருவார்கள், அவ்வளவுதான். முப்பது நாள் ஓட்டிப் பார்ப்போம், பிடித்தால் ஆவணி முகூர்த்தத்துக்கு நிஜமாகவே வைத்துக்கொள்வோம், பிடிக்காவிட்டால் எடுத்துவிடுவோம் என்று ஏற்பாடு.

வந்தவர் ரத்தினவேல். மதுரைக்காரர். நாற்பத்துநாலு வயது, காதோரம் நரை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நான் கேட்கவில்லை அண்ணாச்சி. அவராகவே சொன்னார். நான் "வீட்டம்மா சௌக்கியமா" என்று மட்டும்தான் கேட்டேன்.

மாடி அறை மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, அதில் இருந்ததையெல்லாம் அழித்தார். முதல் நாள் பூராவும் அந்தச் சாப்ட்வேரை இறக்கினார். இறக்கினார் என்றால் வண்டியிலிருந்து இல்லை, செல்போன் வழியாக. முக்கால்வாசி இறங்கினதும் கரண்டு போனது. மறுபடி முதலிலிருந்து. இறங்கினதும் ஓடவில்லை. இன்னொன்று வேண்டும் என்றது. அதை இறக்கினார். அதற்கு வேறொன்று வேண்டும் என்றது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மேலே மேலே ஓடுகிறது, இவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கிற சம்சாரி மாதிரி. மூன்றாம் நாள்தான் திறந்தது.

நான் டீ கொண்டுபோய் வைத்துவிட்டுக் கேட்டேன். "இது என்ன வெலை சார்?"

"வெலையே இல்லண்ணே. ஓப்பன் சோர்ஸ். யாரு வேணும்னாலும் எடுத்துப் போட்டுக்கலாம். உள்ள திறந்து பார்த்து மாத்திக்கவும் செய்யலாம்."

"அப்ப இதுக்கு முதலாளி யாரு?"

"அப்படித் தனியா யாரும் கிடையாது. உலகம் பூராவும் நிறையப் பேரு சேர்ந்து செய்யறாங்க."

"சரி சார். இது தப்புப் பண்ணுச்சுன்னா யாரைப் போய்த் திட்டுறது?"

அவர் டீயைக் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தார். அதற்குப் பதில் எனக்கு இன்றைக்கு வரைக்கும் கிடைக்கவில்லை.

திறந்ததும் அதற்குள்ளே ஏற்கெனவே ஒரு கடை இருந்தது. மாதிரிக்கு என்று வைத்திருக்கிறார்களாம். மேஜை நாற்காலி விற்கிற கடை. அதில் மேனேஜர் இருக்கிறார், கணக்கர் இருக்கிறார், குடோன்காரர் இருக்கிறார். எல்லோரும் வெள்ளைக்காரர்கள். ஆளுக்கொரு போட்டோ, சிரித்த முகம். "இவுகெல்லாம் யாரு?" என்றேன். "யாரும் இல்லண்ணே, சும்மா. அப்படி ஆளே கிடையாது" என்றார். நான் அந்தக் குடோன்காரனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டையில் ஒரு கறை கிடையாது. இல்லாத ஆளுக்கு வேலையும் கொடுத்து, போட்டோவும் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் அந்த மாதிரிக் கடையைத் துடைத்துவிட்டு நம்ம கடையை உள்ளே ஏற்றினார்கள். யார் யார் வேலை செய்கிறார்கள் என்று கேட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு பேர், ஒரு ரகசியச் சொல் கொடுத்தார். முதலாளிக்கு ஒன்று. மருமகளுக்கு ஒன்று. டிரைவர் மாரிச்செல்வத்துக்கு ஒன்று. பாத்திரம் கழுவுகிற மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்று. பந்தல் போடுகிற ஜெபமணி வருஷத்தில் நாலு மாசம் வருகிறவன், அவனுக்கும் ஒன்று.

நான் அந்த மாடி அறைக் கதவை ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"அவ்வளவுதானே?" என்று கேட்டார் ரத்தினவேல்.

"அவ்வளவுதான்" என்றது மருமகள். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டது. "கொண்டலய்யா, ஒங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை? சீட்டு வந்தா ஏத்தப் போறீக. நீங்க எப்பவும் போல இருங்க."

எப்பவும் போல. நல்ல மனசோடு சொன்னதுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கிற கிழவனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துச் சிரமப்படுத்த வேண்டாம் என்று சொன்னது. எனக்குத் தெரியும். ஆனாலும் அண்ணாச்சி, ஜெபமணிக்கு இருக்கிறது. இல்லாத வெள்ளைக்காரனுக்கு இருந்தது. இருபத்தேழு வருஷம் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு திரிகிறவனுக்கு இல்லை. இந்தச் சாப்ட்வேர் நிலைத்துவிட்டால் நான் இந்தக் கடையிலேயே கிடையாது என்றுதானே ஆகிறது? நான் அதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் யோசித்தேன்.

மாரிச்செல்வம் இருக்கிறானே, அவனுக்குத் தலை கால் புரியவில்லை. "பெருசு, எனக்கு ஐடி குடுத்துட்டாக. ஒங்களுக்கு இல்லையாமே?" என்று காலையில் கேட்பான், மத்தியானம் கேட்பான், டீக்கடையில் நாலு பேர் முன்னால் கேட்பான். அவன் எப்போதுமே அப்படித்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவன் வீட்டுக் காதுகுத்தில் என்னை இரண்டாம் பந்திக்கு உட்காரச் சொன்னான். பாத்திரம் முழுக்க நான் ஏற்றி அனுப்பினது. எனக்கு இரண்டாம் பந்தி. இலையில் வைத்த அப்பளமும் உடைந்த அப்பளம். அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

அடுத்து எண்ணிக்கை. எந்தச் சாமான் எத்தனை, எங்கே இருக்கிறது என்று முதலில் சொன்னால்தான் அது வேலையை ஆரம்பிக்குமாம். மருமகள் நோட்டோடு குடோனுக்கு வந்தது. நான் எண்ணிச் சொன்னேன். தேக்சா, தாம்பாளம், இட்லிக் கொப்பரை, ஜல்லிக்கரண்டி எல்லாம் வரிசையாக. ஒரு கரண்டிகூட விடவில்லை. பெரிய அண்டா பத்து.

"பழைய லிஸ்டுல பதினாறுன்னு இருக்கே அய்யா?"

"இங்க பத்துதான் தாயி இருக்கு."

"மிச்சம் ஆறு எங்க?"

எங்கே என்று எனக்குத் தெரியும். ஆறும் எங்கே எங்கே இருக்கிறது, எதற்குப் பிடி ஆடுகிறது, எதில் அடிப்பிடித்த கறை இருக்கிறது என்பது வரை தெரியும். பெரிய முதலாளி, இப்போதிருக்கிறவரின் அப்பா, அவர் உயிரோடு இருந்தபோதே எனக்குச் சொல்லியிருக்கிறார். "பண்டம் சும்மா கிடந்தா ஓட்டை விழும். கேக்கறவனுக்குக் குடு. எங்க இருக்குன்னு மட்டும் ஒனக்குத் தெரியணும்." அதனால் யாராவது அவசரத்துக்குக் கேட்டால் கொடுத்துவிடுவேன். நமக்கு வேண்டும் என்றால் ஓர் ஆளை அனுப்பினால் வந்துவிடும். சீட்டு கிடையாது. எழுதுகிற பழக்கம் எனக்கு எப்போது இருந்தது? எல்லாம் இங்கே, மண்டையில்.

ஆனால் அன்றைக்கு நான் சொன்னது என்ன தெரியுமா? "கம்ப்யூட்டர்கிட்டக் கேளுங்க தாயி. அதுக்குத்தான் எல்லாரு பேரும் தெரியுமே."

அந்தப் பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. மேலே போய் மாமனாரிடம் சொல்லியிருக்கிறது. முதலாளி இறங்கி வந்தார். "கொண்டலண்ணே, ஆறு அண்டாண்ணே. சின்னப் பொருளா?" என்றார். கொஞ்சம் நின்றார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். அந்தப் பார்வை இருக்கிறதே அண்ணாச்சி, குட்டினால்கூடப் பரவாயில்லை. மாரிச்செல்வம் பின்னாலேயே நின்றுகொண்டு, "அண்டா என்ன பெருசு, கால் முளைச்சா போயிரும்?" என்றான். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பேரே இல்லாத இடத்தில் என் வாய் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

இனிமேல்தான் கல்யாணம் வருகிறது. கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் இதில் என் தப்பு ஒன்றும் கிடையாது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். அதோ சுவரில் தொங்குகிறது பாருங்கள், கம்பி. சீட்டு எழுதி அதில் குத்திவிட்டால் குடோன் ஆள் அதை எடுத்து, சாமானை வண்டியில் ஏற்ற வேண்டும். யாருக்கு, எதற்கு என்று கேள்வி கேட்கக் கூடாது. கம்பியில் ஏறிய சீட்டு வண்டியில் ஏறியாக வேண்டும். பெரிய முதலாளி காலத்துச் சட்டம்.

ரத்தினவேல், ஆர்டர் எடுப்பது முதல் சீட்டு அடிப்பது வரை எல்லாம் ஓடுகிறதா என்று பார்க்க, சோதனைக்கு ஒரு கல்யாணம் போட்டார். மாப்பிள்ளை பேர் கேட்டதாம், தன் பேரையே போட்டார். பெண் பேர் போடாமல் விடாதாம், கககக என்று தட்டினார். போன் நம்பர் தன்னுடையது. மண்டபம் பந்தல்குடி ரோட்டில் இருக்கிற ஒன்று. தேதி, வருகிற வெள்ளிக்கிழமை. அண்டா எத்தனை என்றதும், இருப்பு பத்து என்று காட்டியதால் பத்து. சீட்டு அழகாக வந்தது. அவருக்குச் சந்தோஷம். கம்ப்யூட்டரில் அந்தக் கல்யாணத்தை அழித்துவிட்டார். அழித்துவிட்டு, கையில் இருந்த சீட்டை என்ன செய்வது என்று சுற்றிப் பார்த்திருக்கிறார். கீழே வந்தபோது சுவரில் கம்பி இருந்தது. காகிதம் பறக்காமல் இருக்கட்டும் என்று அதில் குத்திவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் நான் கம்பியைப் பார்க்கிறேன். சீட்டு இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். மணமகன் ரத்தினவேல். மணமகள் கககக. வெளியூர்ப் பெண்ணாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சிரிக்கிறீர்கள். ஆடி வெள்ளிக்கிழமை யாராவது கல்யாணம் வைப்பானா என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? மாரிச்செல்வமும் அதையேதான் கேட்டான்.

"ஆடியில கல்யாணமா பெருசு? யாருய்யா அந்த மாப்பிள்ளை?"

"எனக்கென்னப்பா தெரியும். இது கம்ப்யூட்டர் சீட்டு. ஒனக்குத்தான் ஐடி இருக்கே, உள்ள போய்ப் பாரு."

அவன் மாடிப் பக்கம் பார்த்தான். சீட்டைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். பிற்பாடுதான் தெரிந்தது, அவனுக்குக் கொடுத்த ரகசியச் சொல்லை முதல் நாளே மறந்துவிட்டானாம். நாலு பேரிடம் பெருமை பேசிவிட்டு இப்போது போய் யாரிடம் கேட்பது? "சிஸ்டம் சொன்னா சரியாத்தான் இருக்கும், ஏத்துங்க" என்றான். ஏற்றினேன். பத்து அண்டாவும் போனது.

மண்டபத்து மேனேஜர் நல்ல மனுஷன். மண்டபம் பதிவாகவில்லையே, அவசரக் கல்யாணமாக்கும் என்று நினைத்துச் சாமானை இறக்கிக்கொண்டு, சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டிருக்கிறார். "மாப்பிள்ளை சாரா? வாழ்த்துகள். ஆடியில வச்சிருக்கீங்களே, வீட்டுல பெரியவங்க யாரும் சொல்லலையா?" ரத்தினவேலுக்கு அவர் அம்மா நாலைந்து கல்யாணத் தரகர்களிடம் சொல்லிவைத்திருக்கிறார்களாம். அதில் ஒருவன்தான் கிண்டல் செய்கிறான் என்று நினைத்து, "எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம்யா, ஆள விடு" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டார். மேனேஜர் பயந்துபோனார். கடைசி நேரத்தில் மாப்பிள்ளைக்கு மனசு மாறிவிட்டது, நமக்கெதற்கு இந்த வம்பு என்று கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, மானாமதுரையில் ஒரு துக்க வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். வருவது சனிக்கிழமை.

அதே வியாழன் மத்தியானம் மருமகளிடம் இன்னொரு ஆர்டர். மேலத் தெரு மாரியம்மன் கோயில், மறுநாள் கூழ் ஊற்றுகிறார்கள். ஆறு அண்டா. கம்ப்யூட்டரில் அந்தக் கல்யாணம் அழிந்துபோனதல்லவா, பத்தும் குடோனில் இருப்பதாகக் காட்டியது. சீட்டு அடித்துக் கம்பியில் குத்தியது. மூன்று மணிக்குக் கோயில்காரர்கள் டிராக்டரோடு வந்து நின்றார்கள்.

நான் வெற்றுத் தரையைக் காட்டினேன்.

"பத்து இருக்குன்னு காட்டுதே அய்யா!" என்றது மருமகள்.

"காலையிலேயே கல்யாணத்துக்குப் போயிருச்சே தாயி."

"எந்தக் கல்யாணத்துக்கு?"

சீட்டைக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை படித்தது. இரண்டாம் தடவையும் படித்தது. அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டது. முதலாளி ரத்தினவேலுக்குப் போன் போட்டார். மண்டபத்துக்குப் போட்டார். மானாமதுரைக்குப் போட்டார். ஒப்பாரிச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது, ஒரு வார்த்தை புரியவில்லை. பூட்டை உடைக்கலாம் என்றான் மாரிச்செல்வம். அடுத்தவன் பூட்டை உடைத்து அண்டா எடுத்தால் ஊர் என்ன பேசும் என்றார் முதலாளி. கோயில்காரர்களில் ஒரு பெரிய மீசை, "விடிஞ்சா அடுப்புல ஏத்தணும். ஐநூறு குடும்பம் தூக்கு வாளியோட வந்து நிக்கும். அம்மன்கிட்ட நீங்களே பதில் சொல்லிக்குங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மருமகள் அழவில்லை. ஆனால் கண் நிறைந்துவிட்டது. "நாந்தான் மாமா காரணம். டைரியே இருந்திருக்கலாம்" என்றது. வேறு யாரையும் அது கைகாட்டவில்லை. என்னையும் காட்டவில்லை, மாரிச்செல்வத்தையும் காட்டவில்லை. ஆடியில் கல்யாணமா என்று ஏன் ஒரு வார்த்தை வந்து கேட்கவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பதில் வைத்திருந்தேன். கேட்காதவர்களிடம் என்ன செய்வது அண்ணாச்சி? எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

"டிராக்டரை எங்கூட அனுப்புங்க" என்றேன்.

முதலில் பள்ளிவாசல். நோன்புக் கஞ்சிக்கு வாங்கிப்போன இரண்டு அண்டா. பாங்கு சொல்லுகிற மோதினார் என்னைப் பார்த்ததும், "என்ன மாமு, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?" என்றார். அடுத்து நெசவாளர் தெரு. தறிப் பாவு நூலுக்குப் போடக் கஞ்சி காய்ச்சுகிற இடத்தில் ஒன்று. அப்புறம் சர்ச்சுக்குப் பின்னால், அசன விருந்துக்குப் போனது ஒன்று. கடைசியாக மாணவர் விடுதி. அங்கே இரண்டு. ஒன்றில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள், ஒன்றில் சோறு வெந்துகொண்டிருந்தது. வெந்து வடிக்கிற வரைக்கும் டிராக்டரை நிறுத்திக் காத்துக்கொண்டிருந்தோம். மீசைக்காரர் அங்கேயே ஒரு தட்டு சாப்பிட்டார். பொழுது அடைவதற்குள் ஆறும் கோயில் வாசலில் இறங்கிவிட்டது. புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன்.

மறுநாள் கூழ் ஊற்றினார்கள். நல்ல கூழ். வெங்காயம் கொஞ்சம் குறைச்சல்.

திங்கட்கிழமை எல்லோரும் மேலே கூடினார்கள். முப்பது நாள் முடிய இன்னும் நாலு நாள். முதலாளி, "வேண்டாம்மா, எடுத்துருவோம்" என்றார். மருமகளும் தலையாட்டியது. ரத்தினவேல் மட்டும் அடித்துக்கொண்டிருந்த போனை அணைத்துப் பைக்குள் போட்டார். அவருக்கு அந்த மூன்று நாளில் பதினோரு பேர் கல்யாண வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். மண்டபத்து மேனேஜர் துக்க வீட்டில் வைத்துச் சொல்லியிருக்கிறார், அங்கே இவருக்கு ஒன்றுவிட்ட அத்தை இருந்திருக்கிறார்.

நான் டீ கொண்டுபோனேன். ரத்தினவேல் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும்ண்ணே. அந்த ஆறு அண்டாவும் எங்க இருந்துச்சு?"

சொன்னேன்.

"இன்னும் இப்படி வெளிய என்னென்ன இருக்கு?"

சொன்னேன். பதினாலு தாம்பாளம், இரண்டு இட்லிக் கொப்பரை, நாலு பெஞ்சு, ஒரு பெரிய ஜமுக்காளம். ஒவ்வொன்றும் யாரிடம், எப்போதிருந்து, எதற்காக என்று சொல்லிக்கொண்டே போனேன். மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

ரத்தினவேல் சொன்னார். "இந்தச் சாப்ட்வேர்ல ஒரு சட்டம் இருக்கு. எந்தப் பொருளும் எங்கயும் இல்லாம இருக்க முடியாது. குடோன்ல இருக்கணும், இல்ல வாடகைக்குப் போயிருக்கணும், இல்ல தொலைஞ்சிருக்கணும். இது மூணுலயும் வரலையே. பள்ளிவாசல், சர்ச்சுன்னு தனித்தனி இடமாப் போட்டுரவா?"

"அதெப்படி சார். பள்ளிவாசல்ல இருக்கிற தாம்பாளம் நாளைக்கு விடுதிக்குப் போகும். அவுக பாட்டுக்கு மாத்தி மாத்திக் குடுத்துக்குவாக. எங்கிட்டத்தான் வந்து சொல்லுவாக."

"அப்ப எல்லாம் யாருகிட்ட இருக்கு?"

"எங்கிட்டத்தான்."

அவர் கீபோர்டை இழுத்துக்கொண்டார். அப்புறம் தட்டினார். தட்டி முடித்துத் திரையை என் பக்கம் திருப்பினார். நான் எழுத்துக் கூட்டினேன். குடோன் ஒன்று. குடோன் இரண்டு. கழுவும் இடம். வண்டி. அதற்குக் கீழே, கொண்டல்சாமி.

பிசகு இல்லாமல் எழுதியிருந்தார். கொம்பு, புள்ளி எல்லாம் சரியாக இருந்தது.

கொண்டல்சாமியில் தாம்பாளம் பதினாலு. கொண்டல்சாமியில் பெஞ்சு நாலு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தார்கள். முதல் தடவையாகப் பழைய லிஸ்டோடு ஒட்டிவந்தது. முதலாளி நாற்காலியைவிட்டு எழுந்து, "ஓடட்டும்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார். போகிற வழியில் என் தோளைத் தட்டினார். தட்டினாரா, பிடிமானத்துக்குக் கை வைத்தாரா என்று தெரியாது. தட்டினார் என்றே வைத்துக்கொண்டேன்.

மாரிச்செல்வத்துக்குப் பொறுக்கவில்லை. "பெருசு, ஒங்கள ஆள் லிஸ்டுல சேக்கல, கட்டட லிஸ்டுல சேத்துருக்காக. கக்கூஸ் கட்டுனா ஒங்களுக்குக் கீழதான் வரும்" என்றான். பேசட்டும். அந்தச் சாப்ட்வேரில் ஆளாக இருக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர். அவனே வேறு வண்டிக்குப் போய்விட்டால் ஒரு தட்டில் அழித்துவிடலாம். என்னை அழிக்க முடியாது அண்ணாச்சி. நான் விசாரித்துவிட்டேன். உள்ளே சாமான் இருக்கிற வரைக்கும் ஒரு குடோனை அழிக்க அது விடாதாம்.

ரத்தினவேல் போகும்போது மருமகளிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். குடோன் என்றால் அடிக்கடி எண்ண வேண்டும். மற்றதை மாசம் ஒரு தடவை எண்ணினால் போதும், கொண்டல்சாமியை வாரம் ஒரு தடவையாவது எண்ணுங்கள் என்றார்.

அதிலிருந்து சனிக்கிழமை நாலு மணிக்கு அந்தப் பிள்ளை நோட்டை எடுத்துக்கொண்டு இங்கே வருகிறது. நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே பெஞ்சு. "சொல்லுங்கய்யா, இப்ப ஒங்ககிட்ட என்னென்ன இருக்கு?" என்று ஆரம்பிக்கும். நான் சொல்வேன். இந்தத் தாம்பாளம் ஏன் அந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்கும். அதைச் சொன்னால் அந்த வீட்டுக் கதை, அந்தத் தெருக் கதை, பெரிய முதலாளி கதை என்று ஐந்தரை மணி ஆகிவிடும். இருபத்தேழு வருஷத்தில் என்னிடம் ஏற்று, இறக்கு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். சொல்லுங்கள் என்று ஒருவரும் உட்கார்ந்து கேட்டதில்லை. நான் அதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

வண்டிச் சத்தம் கேட்கிறது, முதலாளிதான். போய்ப் பாருங்கள். சாப்ட்வேர் நன்றாக ஓடுகிறது என்று சொல்வார். உண்மைதான், தாராளமாகப் போடுங்கள். போடுவதற்கு முன்னால் உங்கள் குடோனில் இருக்கிற ஆளிடம் போய் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். அவர் ஏற்கெனவே கோபமாக இருப்பார்.

இன்னொன்று. மருமகள் உங்களுக்குத் திரையைக் காட்டும்போது கணக்கு ஒட்டிவந்ததற்கு அப்புறம் வெளியே போன ஒரு நடுத்தரத் தேக்சா மட்டும் குறையும். எங்கே போயிற்று என்றே தெரியவில்லை, அய்யாவுக்கும் ஞாபகம் வரவில்லை என்று சொல்லும். நீங்கள் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லி முடித்துவிட்டால், அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளை எதற்கு இறங்கி வரப்போகிறது?